பிரேக் போட்டால் வண்டி ஏன் ஆடுகிறது?

இங்கே தென்காசியில் இரண்டு நாளாக நல்ல காற்று. கொஞ்சம் நீளமான பதிவு இது. டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து படியுங்கள்.

நம் குடும்பக் குழுவில் ஒரு மாதமாக என் வண்டிதான் பேச்சு. 2005-இல் வாங்கிய சான்ட்ரோ. உங்கள் மாமா ஆசைப்பட்டு வாங்கியது, அவர் போன பிறகு நான் ஓட்டுகிறேன். “வண்டிக்கு இருபது வயசு தாண்டிட்டு, டீச்சருக்கு அறுபத்தாறு. ரெண்டும் சேர்ந்து மலையில எறங்கணுமா?” என்று ஒரு மருமகன் கேட்டிருந்தான். சிரிப்பு பொம்மை வேறு பத்துப் பேர் போட்டிருந்தீர்கள். என் மகன் ஒரு படி மேலே போய் அறுபதாயிரம் ரூபாய்க்கு ஆளே பார்த்துவிட்டான்.

உங்கள் கவலை நியாயமானது. ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள். புனலூரில் அக்கா தனியாக இருக்கிறாள். வயது எழுபத்தாறு. போன வருஷம் குளியலறையில் விழுந்ததிலிருந்து வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறாள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். தென்காசிக்கு வந்துவிடு என்றால், “ஏட்டி, அத்தான் கட்டின வீட்ட விட்டுட்டு நான் எங்க வர?” என்கிறாள். பஸ் இருக்கிறது, ரயிலும் இருக்கிறது. ஆனால் காலையில் டாக்டர் கொடுக்கும் நேரத்துக்கு இரண்டும் ஒத்து வருவதில்லை. அக்காவால் பஸ் படியும் ஏற முடியாது. ஆகவே வண்டியை விற்பது என்பது எனக்கு வண்டியை விற்பது மட்டும் இல்லை. பதினைந்து நாளைக்கு ஒரு முறை அக்கா முகத்தைப் பார்ப்பதையும் சேர்த்து விற்பது.

அதனால் நான் சொன்னேன்: முதலில் வண்டிக்கு என்ன நோய் என்று தெரியட்டும். மலையில் ஓட்டத் தகுதியில்லை என்றால் நானே சாவியைக் கொடுத்துவிடுகிறேன். நோய் என்னவென்று தெரியாமலே ஆளை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் எனக்கு வகுப்பிலேயே கிடையாது.

நோய் இதுதான். வண்டி நன்றாக ஓடும். பிரேக்கை அழுத்தினால் மட்டும் ஸ்டியரிங் உதறும், காலுக்கு அடியில் பெடல் நாடி மாதிரி துள்ளும். தென்காசி ஊருக்குள் நாற்பதில் போகும்போது லேசாகத் தெரியும். கோட்டைவாசல் தாண்டிப் புளியரைக்கு இறங்கும்போதுதான் அதன் சுயரூபம். பிரேக் சூடாக ஆக ஆட்டம் கூடும். அந்த எஸ் வளைவில் பின்னால் ஒரு டாரஸ் லாரி ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு வர, கையில் ஸ்டியரிங் நடுங்கினால் எப்படி இருக்கும்? ஆடுவதால் உடனே பிரேக் பிடிக்காமல் போய்விடாது. வண்டி நிற்கத்தான் செய்யும். ஆனால் துள்ளலுக்குப் பயந்து கால் தானாகவே பெடலை விடப் பார்க்கும். அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தத் தயங்குவதுதான் எனக்கு ஆபத்தாகப் பட்டது.

தை மாதம் டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். வண்டியைத் தொடாமலே “டிஸ்க் பெண்டும்மா” என்றார்கள். கழற்றி லேத்தில் கொடுத்து இரண்டு பக்கமும் மழித்துத் தந்தார்கள். ஆட்டம் போய்விட்டது. மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகு, ஐப்பசியில் திரும்ப வந்துவிட்டது. இன்னொரு இடத்தில் காட்டினால், டிஸ்க், பேடு, வீல் பேரிங், சஸ்பென்ஷன் எல்லாம் மாற்றப் பதினெட்டாயிரம் என்று ஒரு தாளில் எழுதினார்கள். எது கெட்டிருக்கிறது என்று கேட்டேன். “எல்லாத்தையும் மாத்திட்டா எதுல இருந்தாலும் போயிரும்லா” என்று பதில். அதுவும் என்னிடம் சொல்லவில்லை, கூட வந்த பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்துச் சொன்னார்கள். அவனுக்கு சைக்கிள்தான் ஓட்டத் தெரியும்.

வீட்டுக்கு வந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தேன். ஐந்தாம் வகுப்பு அறிவியல் எடுத்தவளுக்கு வேறு என்ன தெரியும்? உற்றுநோக்கு, எழுது, பிறகு பேசு.

முதல் கேள்வி, பிரேக் போடாமலே ஆடுகிறதா? தென்காசியிலிருந்து செங்கோட்டை ரோட்டில் காலை ஐந்தரைக்குப் போய்ப் பார்த்தேன். எழுபது வரை பிரேக்கைத் தொடாமல் போனால் ஒரு நடுக்கமும் இல்லை. அப்படி வேகத்தில் மட்டும் ஆடினால் அது பெரும்பாலும் டயர், வீல் பேலன்ஸ் சங்கதி. எனக்கு அது இல்லை.

அடுத்து, ஆட்டம் சக்கரத்தோடு சேர்ந்து வருகிறதா? இதற்கு ஒரு சின்னக் கணக்கு. சான்ட்ரோ சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஏறக்குறைய 1.7 மீட்டர் நகரும். 60 கி.மீ. வேகம் என்றால் செகண்டுக்குப் பதினாறரை மீட்டர். ஆக, செகண்டுக்குச் சுமார் பத்து சுற்று. 30 கி.மீ. என்றால் ஐந்து சுற்று. என் காலில் வந்த துள்ளலும் வேகமாகப் போகையில் ‘தடதட’ என்றும், நிற்கப்போகும் நேரத்தில் ‘தட்... தட்... தட்’ என்று எண்ணிவிடலாம் போலவும் வந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு. அப்படியென்றால் சுற்றுகிற ஏதோ ஒரு பொருளில் ஓரிடத்தில் கோளாறு. (ஏ.பி.எஸ். உள்ள புது வண்டி வைத்திருப்பவர்கள் குழம்ப வேண்டாம். திடீரென்று ஓங்கி மிதித்தால் உங்கள் பெடல் கரகரவென்று துள்ளும். அது அதன் வேலை. என் வண்டியில் அது கிடையாது.)

மூன்றாவது, முன் சக்கரமா பின் சக்கரமா? இந்த வண்டியில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஹேண்ட் பிரேக் பின் டிரம்மை மட்டும்தான் பிடிக்கும். மனை போட்டு ஆளில்லாமல் கிடக்கிற ஒரு லேஅவுட் ரோட்டுக்குப் போய், இருபத்தைந்து கி.மீ. வேகத்தில், ஹேண்ட் பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மெதுவாகத் தூக்கினேன். வண்டி வழுக்கிக்கொண்டு போனதுபோல் அமைதியாக நின்றது. டிரம் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் சீட்டுக்கு அடியில் ஆடியிருக்கும். ஆக, நோய் முன்னால். ஸ்டியரிங் உதறுவதும் அதைத்தான் சொன்னது. இந்தச் சோதனையை நடமாட்டம் உள்ள ரோட்டில், மழையில், வேகத்தில் யாரும் செய்யாதீர்கள். ஆடு மாடு கூட இல்லாத இடம் வேண்டும்.

இந்த நோட்டோடு இலஞ்சிப் பக்கம் போனேன். அங்கே சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன் என் பழைய மாணவன். பெயரைப் போட்டால் கூச்சப்படுவான். வகுப்பில் மூன்றாம் பெஞ்ச், கணக்கில் மட்டும் நூறு, மற்றதெல்லாம் பரமசிவம். ஐ.டி.ஐ. முடித்து எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு ஊருக்கே வந்துவிட்டான். தலை நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றான். நோட்டை வாங்கி முழுசாகப் படித்தான். படித்துவிட்டு, “டீச்சர், பாதி வேலைய நீங்களே முடிச்சிட்டீங்க. மிச்சம் அளந்து பாத்தா தெரிஞ்சிரும்” என்றான்.

அவன் அளந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை வேறு எங்கும் எனக்கு யாரும் காட்டவில்லை.

சக்கரத்தைக் கழற்றிவிட்டு, டிஸ்க் அசையாதபடி அதே நட்டுகளை வாஷர் வைத்து இறுக்கினான். பிறகு டயல் கேஜ் என்ற ஒரு கருவி. கடிகாரம் மாதிரி முகம், கீழே ஒரு சின்ன முனை. முனையை டிஸ்க் ஓரத்தில் தொடவைத்து டிஸ்க்கைக் கையால் மெதுவாகச் சுற்றினால், டிஸ்க் உள்ளே வெளியே எவ்வளவு சாய்கிறது என்று முள் காட்டும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் கூட அது சொல்லிவிடும். இடது பக்கம் 0.03. வலது பக்கம் 0.14. “நீங்களே படிங்க டீச்சர்” என்று என்னையும் குனிய வைத்தான். பெரும்பாலான வண்டிகளுக்கு 0.05-இலிருந்து 0.10 வரைதான் பொறுத்துக்கொள்வார்களாம்.

அடுத்து என் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்து டிஸ்க்கில் எட்டு இடத்தில் கோடு போடச் சொன்னான். ஒவ்வொரு கோட்டிலும் மைக்ரோமீட்டரை வைத்துத் தடிமன் பார்த்தான். நான் எழுதினேன். வலது டிஸ்க்கில் தடித்த இடத்துக்கும் மெலிந்த இடத்துக்கும் 0.03 மி.மீ. வித்தியாசம். நம் தலைமுடியின் தடிமனில் பாதி கூட வராது. “இதுக்கா இந்த ஆட்டம்?” என்றேன். இதில் பாதி இருந்தாலே காலுக்குத் தெரியுமாம்.

எப்படி என்று அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். டிஸ்க் என்பது தோசைக்கல் மாதிரி ஒரு வட்டத் தகடு. அதை இரண்டு பக்கமும் பேடுகள் கிடுக்கி போலப் பிடிக்கின்றன. பேடைத் தள்ளுவது ஒரு பிஸ்டன், பிஸ்டனைத் தள்ளுவது எண்ணெய், எண்ணெயைத் தள்ளுவது உங்கள் கால். தகடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால், தடித்த இடம் வரும்போது பேடு பின்னுக்குத் தள்ளப்படும், பிஸ்டனும் பின்னுக்கு வரும், எண்ணெய் திரும்பி வந்து காலைத் தட்டும். மெலிந்த இடத்தில் இறங்கிவிடும். பாஸ்கல் விதி, பிள்ளைகளா. நீங்கள் படித்தது இரண்டு பக்கமும் வேலை செய்கிறது.

“அப்பம் டிஸ்க் வளைஞ்சிட்டுன்னு சொன்னாங்களே?” என்றேன்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க டீச்சர். சூட்டுல அப்பளம் மாதிரி வளையிறதெல்லாம் ரொம்ப அபூர்வம். இது வளைஞ்சது இல்ல, சாஞ்சு உக்காந்திருக்கு.”

டிஸ்க்கைக் கழற்றினான். அது போய் உட்காரும் இடத்துக்கு ஹப் என்று பெயர். அந்த ஹப் முகத்தில் காரை பெயர்ந்த சுவர் மாதிரி துரு, பொருக்குப் பொருக்காக. தை மாதம் லேத்தில் மழித்தவர்கள் டிஸ்க்கை மட்டும் மழித்து, துருவின் மேலேயே திரும்ப மாட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் துரு முட்டுக்கொடுத்து டிஸ்க் மயிரிழை சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. சாய்ந்த தகடு சுற்றும்போது, பிரேக் போடாத நேரத்திலும் ஒரே இடம் பேடில் உரசிக்கொண்டே போகும். உரசிய இடம் நாளாக நாளாக மெலியும். மூவாயிரம் கிலோமீட்டரில் அந்த மெலிவு காலுக்குத் தெரிகிற அளவுக்கு வந்துவிடும். மழித்த உடனே போன ஆட்டம் ஏன் மெதுவாகத் திரும்பி வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

துரு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவே இல்லை. குற்றாலத்துக்காரிக்குத் தெரியாதா? ஆனி பிறந்தால் ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று வந்து சாரலைத் தூவ ஆரம்பிக்கும். ஊரே கொண்டாடும். ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் கூட்டம் வழியும். நம் வீட்டில் அரிசி மாவு கட்டி பிடிக்கும், தீப்பெட்டி உரசினால் பற்றாது, வாசலில் நிற்கிற வண்டியின் டிஸ்க் ஒரே ராத்திரியில் செம்பு நிறமாகிவிடும். மேலே தெரியும் அந்தத் துரு நாலு பிரேக் போட்டால் போய்விடும். உள்ளே, ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஏறுவதுதான் போகாது.

கம்பி பிரஷ்ஷும் எமரி தாளும் வைத்து ஹப் முகத்தை வெள்ளிக் காசு மாதிரி தேய்த்தான். தேய்த்த ஹப்பையே டயல் கேஜ் வைத்துப் பார்த்தான். 0.02. ஹப் நேராக இருக்கிறது. பேரிங்கிலும் ஆட்டம் இல்லை. ஆக, பதினெட்டாயிரத்துச் சீட்டில் எழுதிய பேரிங் தேவையே இல்லை. பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டி அளந்தால் 0.14 இருந்தது 0.04-க்கு வந்துவிட்டது. செலவு ஒரு எமரி தாள்!

ஆனால் டிஸ்க்கில் மெலிவு ஏற்கனவே விழுந்துவிட்டதே. அதற்கு மறுபடி மழிக்க வேண்டும். ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதற்கு மேல் தேயக்கூடாது என்று ஒரு குறைந்தபட்சத் தடிமன் அச்சடித்திருக்கும். என் டிஸ்க்கில் அந்த எல்லைக்கு அரை மில்லிமீட்டர்தான் பாக்கி. “இன்னொரு தடவ லேத்துல விட்டா மலையில சூடு தாங்காது. ஊருக்குள்ள ஓட்டுறவங்கன்னா வேற கதை. நீங்க புனலூர் போறீங்க” என்றான். இரண்டு பக்கமும் புது டிஸ்க், புது பேடு வாங்குவதென்று முடிவாயிற்று. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஆகவே ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

கூடவே இன்னும் இரண்டு சங்கதி. வலது பக்கக் காலிப்பர் நகர்கிற பின் ஒன்று இறுகிப்போய் இருந்தது. அதைச் சுத்தம் செய்து சூடு தாங்கும் கிரீஸ் போட்டான். பிரேக் எண்ணெய் காபி நிறத்தில் இருந்தது. அந்த எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 வரை இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், கால் வெறும் காற்றை மிதிக்கும். ஆட்டத்தைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மொத்தத்தையும் மாற்றினோம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிட வேண்டுமாம். சாரல் ஊரில் இருப்பவர்கள் இதைக் காலண்டரிலேயே குறித்து வையுங்கள்.

கடைசியாக வீல் நட்டு. காற்றுத் துப்பாக்கி வைத்து ‘டர்ர்’ என்று ஒரு நட்டை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவதை எல்லா இடத்திலும் பார்த்திருப்பீர்கள். இவன் அதைத் தொடவே இல்லை. கையால் நாலு நட்டையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, டார்க் ரெஞ்சில் 100 நியூட்டன் மீட்டர் வைத்து ‘டிக்’ என்று சத்தம் வந்ததும் நிறுத்தினான். ஏற்ற இறக்கமாக இறுக்கினால் நேராக உட்கார்ந்த டிஸ்க்கே மறுபடி சாயுமாம். பஞ்சர் கடையில் சக்கரம் மாட்டினாலும் வீட்டில் வந்து ஒரு தடவை சரி பார்த்துக்கொள்ளச் சொன்னான்.

பில் நாலாயிரத்துச் சொச்சம். கூலியை வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தான். “டேய், நான் உனக்குப் பாடம் சொல்லச் சம்பளம் வாங்கினேன்லா?” என்றேன். வாங்கிக்கொண்டான்.

புது பேடு போட்டால் பழக்க வேண்டும். 50-இலிருந்து 10 வரை மிதமாக பிரேக் பிடித்து, நிற்காமல் மறுபடி வேகம் எடுத்து, பத்து தடவை. பிறகு பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போது வண்டியை நிறுத்திப் பெடலை அமுக்கிக்கொண்டே இருந்தால், பேடின் பூச்சு ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதுவும் பிற்பாடு துள்ளலாக வரும். மலை இறங்கியதும் செக்போஸ்டில் வரிசையில் நிற்கும்போது நான் இப்போது ஹேண்ட் பிரேக்குக்கு மாறிவிடுகிறேன்.

டிஸ்க் பிரேக்கைப் பற்றி ஒரு துணுக்கு. லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் 1902-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் உலகம் திரும்பிப் பார்த்தது 1953-இல், லெ மான்ஸ் பந்தயத்தில் ஜாகுவார் வண்டி டிஸ்க் பிரேக்கோடு ஜெயித்தபோது. ஐம்பது வருஷம் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளை!

இனி மலை இறங்கும் விதம். மாமா சொல்லிக்கொடுத்ததுதான்: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளும் சாமானும் சேர்த்து வண்டி 1000 கிலோ. 300 மீட்டர் உயரம் இறங்கினால் 30 லட்சம் ஜூல் ஆற்றலை எங்காவது தள்ளியாக வேண்டும். பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கிற சூடு அது. முழுவதையும் இரண்டு சின்னத் தகடுகள் மேல் ஏற்றுவீர்களா, அல்லது பாதிக்கு மேல் இன்ஜினிடம் கொடுப்பீர்களா? நியூட்ரலில் போட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்கிறவர்கள் இந்தக் குடும்பத்தில் இருவர் உண்டு. யாரென்று அவர்களுக்குத் தெரியும். பக்கத்திலேயே 1904-இல் போட்ட ரயில் பாதை. அங்கே இன்றைக்கும் இந்த மலைப் பகுதியில் ரயிலுக்குப் பின்னால் இன்னொரு இன்ஜின் போட்டு, நிதானமாகத்தான் ஓட்டுகிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை புனலூர் போய் வந்தேன். ஆரியங்காவு தாண்டிக் கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்துக்கு எதிரே நிறுத்தி, சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை வைத்துச் சூடு பார்த்தேன். தொடவில்லை, பக்கத்தில்தான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சூடு. திரும்பி வரும்போது நல்ல சாரல். தண்ணீர் தேங்கிய இடம் தாண்டியதும் பெடலை லேசாக ஒரு தொடு தொட்டு டிஸ்க்கைக் காயவைத்தேன். கோட்டைவாசலில் இரண்டாம் கியர். எஸ் வளைவில் முன்னால் போன லாரி சடாரென்று நின்றது. மிதித்தேன். ஸ்டியரிங் அப்படியே இருந்தது. காலுக்கு அடியில் ஒன்றும் இல்லை. புளியரை வந்துதான் மூச்சு விட்டேன்.

வீட்டுக்கு வந்து மகனுக்குப் போன் போட்டேன். வாங்க வந்த ஆளிடம் வேறு வண்டி பார்க்கச் சொல்லிவிட்டான். அவனுக்கும் எனக்கும் சில நிபந்தனைகள். இருட்டிய பிறகு மலை ஏறுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கண் டாக்டர். அவர் வேண்டாம் என்றால் அன்றைக்கே சாவி அவன் கையில். டிஸ்க் தடிமனை வருஷா வருஷம் அளந்து அதே நோட்டில் எழுத வேண்டும். நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அவனும் போட்டிருக்கிறான்.

அக்காவுக்கு அடுத்த ஆஸ்பத்திரி நாள் வருகிற வெள்ளி. ஆறரைக்குக் கிளம்புவேன். பின் சீட் காலி. புனலூர் பக்கம் வேலை இருக்கிறவர்கள் வியாழன் ராத்திரிக்குள் சொல்லுங்கள். அக்கா நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டிருக்கிறாள். யார் வீட்டில் போட்டிருக்கிறீர்களோ, ஒரு பாட்டில் கொடுத்துவிடுங்கள்.